பெரியண்ணன் மாமாவின் டெல்லி மணி

பெரியண்ணன் மாமாவிடம் மணி கேட்கக் கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் எழுதாத சட்டம். என் அக்காவை அவருக்குக் கட்டிக்கொடுத்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணமான மாதமே அக்கா ஊருக்குக் கடிதம் போட்டுவிட்டாள். மனுஷர் தங்கமானவர், ஆனால் அவர் கைக்கடிகாரத்தை நம்பி ரயிலுக்குக் கிளம்ப முடியாது என்று.

மாமா நாமக்கல் பக்கத்திலிருந்து மத்திய அரசுக் குமாஸ்தாவாக டெல்லிக்கு வந்தவர். கோல் மார்க்கெட்டில் குவார்ட்டர்ஸ், பார்லிமெண்ட் தெருவில் ஆபீஸ், நடந்தே போய்விடலாம். வழியில் ஜந்தர் மந்தர். மற்ற குமாஸ்தாக்கள் அதைத் தாண்டி ஆபீசுக்குப் போனார்கள். இவர் உள்ளே போனார். அங்கே வானத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிற ராட்சதச் சிவப்புச் சுவர் ஒன்று இருக்கிறது. சூரியன் நகர நகர அதன் நிழல் பக்கத்திலிருக்கும் வளைந்த திட்டின் மேல் ஏறி இறங்கும், அதை வைத்து மணி சொல்லலாம். மூன்று நூற்றாண்டுக்கு முன் ஒரு ராஜா கட்டினார். அந்த ராஜாவுக்குப் பிறகு அதில் மணி பார்த்தது எங்கள் மாமாதான் என்று நினைக்கிறேன்.

அந்த நிழல் சொல்லும் மணி நம் கடிகாரத்துக்குப் பின்தங்கியே இருக்கும். ஐப்பசியில் ஐந்து நிமிஷம், மாசியில் முப்பத்தைந்து நிமிஷம். நாடு முழுவதற்கும் மிர்சாபூர்ப் பக்கத்துச் சூரியனை வைத்துத்தான் மணி வைத்திருக்கிறார்களாம். “டெல்லியில குடியிருந்துட்டு மிர்சாபூர் மணிக்கு எதுக்குச் சாப்பிடணும்?” என்பார் மாமா. ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் நிழலைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு வருவார். திட்டிலிருந்த கோடுகள் பாதி தேய்ந்துவிட்டன. தேய்ந்த கோடுகள் தனக்கு மனப்பாடம் என்பார். அதையும் நம்பித்தான் ஆக வேண்டும், சரிபார்க்க யாருக்குப் பொழுது இருக்கிறது?

ஆபீசில் மூன்று நாள் தாமதமாக வந்ததற்கு அரைநாள் லீவைக் கழித்துவிட்டார்கள். சூரியக் கணக்குப்படி தான் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டதாக நாலு பக்கம் மனு எழுதிக்கொடுத்தார் மாமா. ‘அரசாங்கம் சூரியனைப் பின்பற்றுவதில்லை’ என்று சிவப்பு மையில் பதில் வந்தது. அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். ரிட்டயர் ஆகி ஜனக்புரியில் வீடு வாங்கிப் போனபோது ஹாலில் முதலில் மாட்டியது அதைத்தான்.

இந்த மனுஷரைத்தான் போன பங்குனியில், மாப்பிள்ளை வீட்டாரை ஊர் சுற்றிக் காட்ட அனுப்பினாள் என் அக்கா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவர் மகள் மேகலா குர்காவ்னில் கூட வேலை பார்க்கும் மதனை இரண்டு வருஷமாக விரும்பினாள். ஜாதகம் சேர்ந்தது. ஆனால் மதனின் அம்மா சந்திரம்மாள் முழு மனதாக இல்லை. கோயம்புத்தூரில் வேறொரு பெண்ணும் பார்த்து வைத்திருந்தார். “நேர்ல வர்றேன். புடிச்சா அன்னைக்கே பூ வெச்சர்றேன், இல்லீன்னா பேச்ச விட்டுரலாம்” என்று சொல்லித்தான் விமானம் ஏறினார். பெண்ணின் தலையில் மாப்பிள்ளையின் அம்மா பூ வைத்துவிட்டால் பேச்சு உறுதி. ஞாயிறு என்பதால் நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பம். ராகுகாலத்தில் அந்த அம்மாள் ஊசிகூடப் போட்டுக்கொள்ள மாட்டாராம். ஐந்தேகாலுக்கு விமான நிலையத்துக்குக் கிளம்பியாக வேண்டும். ஆக, நாலரைக்குள் பூ, இல்லாவிட்டால் கோயம்புத்தூர்ப் பெண்.

அம்மாவும் மகனும் கன்னாட் பிளேஸ் பக்கம் ஓட்டலில் தங்கியிருந்தார்கள். “சும்மா ஒரு மணி நேரம் சுத்திக் காட்டிக் கூட்டிட்டு வர்றேன்” என்றார் மாமா. காவலுக்கு என்னையும் அனுப்பினார்கள். நான் காவல் காத்த லட்சணத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

கன்னாட் பிளேஸின் வெள்ளைத் தூண் வரிசையில் அரைமணி போயிற்று. வட்டமாகக் கட்டிய இடம் என்பதால் எங்கே முடிக்கலாம் என்று எனக்கும் தெரியவில்லை. அக்ரசேன் பாவ்லியில் நூற்றுச் சொச்சம் படிகள் கிணற்றுக்குள் இறங்குகின்றன. அத்தனையையும் சந்திரம்மாள் இறங்கிப் பார்த்தே தீருவேன் என்றார். “இத்தனை படி கட்டிப்போட்டுத் தண்ணியக் காணமே” என்று அவர் சொன்னபோது மாமாவுக்கு முகமெல்லாம் பல். தன்னோடு பேச ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

கடைசியாக ஜந்தர் மந்தர். நான் மூன்று முறை போனை நீட்டிக் காட்டினேன். “இருங்க மாப்ள, நிழல் சரியா மூணத் தொடப் போகுது” என்றார் மாமா என்னிடம். தொட்டது. மதன் கைதட்டினான், பாவம், அவனுக்கு வேறு வழி? சந்திரம்மாள் மட்டும் தன் போனைப் பார்த்தார்.

“ஏனுங், என்ற போன்ல மூணரைன்னு காட்டுதே?”

“போன் மிர்சாபூர் மணி காட்டுதுங்க. நீங்க நிக்கறது டெல்லி.”

அந்த அம்மாள் குனிந்து நிழலின் ஓரத்தில் விரலை வைத்தார். கொஞ்ச நேரத்தில் நிழல் விரலைத் தாண்டிப் போயிற்று. “அட, ஓடுதே!” என்றார்.

மெட்ரோவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். முதல் வண்டியில் ஏறவே முடியவில்லை. ஜனக்புரி வீட்டு வாசலில் நாங்கள் செருப்பைக் கழற்றியபோது மணி நாலே முக்காலைத் தாண்டிவிட்டது.

பட்டுப்புடவையில் மேகலா நின்றிருந்தாள். அக்கா மாமாவைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. சந்திரம்மாள் சோபாவில் உட்கார்ந்து, ஊரிலிருந்து வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்த மல்லிகையை மடியில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை.

“பொண்ணு லட்சணமாத்தான் இருக்கறா. ஆனா நேரம் தவறிப்போச்சுங்களே” என்றார். “மனசறிஞ்சு ராகுகாலத்துல என்னால முடியாதுங்க.”

மதன் “அம்மா” என்று ஆரம்பித்தான். அவர் கையை உயர்த்தினார்.

மாமா சுவரோரமாக நின்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளப் பார்த்தார். பை அகப்படவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக அவரைக் கேலி செய்தவன் நான். அந்த நிமிஷம் என் போனை அவர் கண்ணில் படாமல் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அப்போது மேகலா பேசினாள். அந்தக் கடிகாரத்தால் பள்ளிக்கூட பஸ்ஸை எத்தனை நாள் விட்டவள்! சிநேகிதிகள் வந்தால் அப்பாவை உள் அறைக்கு அனுப்பியவள். அவளுடைய தமிழ் பாதி இந்தி.

“பப்பா, டைம் என்ன?”

மாமாவுக்குக் கேள்வி புரியவே இல்லை. அந்த வீட்டில் அவரிடம் யாரும் கேட்டதில்லையே.

“ஜல்தி சொல்லுங்க பப்பா. உங்க வாட்ச்ல.”

“நாலு பதினெட்டு” என்றார்.

சந்திரம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். “சூரியன் கணக்குலீங்களா?”

“ஆமாங்க.”

“சம்பந்தம் முடியோணுமின்னு சொல்லலீங்களே?”

மாமா நிமிர்ந்தார். பொய் சொல்ல அவருக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. ஆனால் அவர் கடிகாரத்தை மறுபடி பார்த்தார்.

“இல்லீங்க. மன்னிச்சுக்கங்க, இப்ப நாலு பத்தொன்பது ஆயிருச்சு. இன்னும் பதினோரு நிமிஷந்தான் இருக்கு.”

அந்த அம்மாள் ஆள்காட்டி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிழல் தாண்டிப்போன விரல்.

“ராகுவுக்கு மிர்சாபூர்ல என்ன வேலை?” என்று எழுந்து வாழையிலையைப் பிரித்தார்.

பூ வைத்தாயிற்று. அக்கா அழுதாள், மதன் சிரித்தான், நான் டாக்சிக்குப் போன் செய்தேன். விமானம் மிர்சாபூர் மணிக்குத்தான் புறப்படும் என்பதை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டுமே.

அவர்களை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, மேகலா பூவோடு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமா. இவள் மணி கேட்கிறாள், அவர் சொல்கிறார். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி கேட்கிறாள், மறுபடி சொல்கிறார்.