டெல்மருக்குக் கேட்ட மணல்

என் கணவர் டெல்மர் ஸ்ட்ரவுட் சரக்கு ரயில் எஞ்சின் ஓட்டியவர். மொஹாவி பாலைவனத்தின் குறுக்கே பார்ஸ்டோவுக்கும் லாஸ் வேகஸுக்கும் நடுவே போய் வருவதுதான் அவருடைய உத்தியோகம். சென்ற பிப்ரவரியில் இறந்துபோனார். பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி எதையும் சாதித்தவர் இல்லை. முட்டையை இரண்டு பக்கமும் கருகப் பொரித்துத்தான் தின்பார். பக்கத்து வீட்டு நாயோடு சண்டை போடுவார், பிறகு அதற்கே பன்றிக்கறித் துண்டு போடுவார். நான் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தியவள் என்பதால் கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் என்னை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

எஞ்சின் அவருடைய காதுகளைத் தின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் இருந்த வலது காது முழுதாகப் போயிற்று. இடது காதில் கனமான சத்தங்கள் மட்டும் மிச்சம். லாரி போனால் கேட்கும், இடி கேட்கும். பெண்கள் குரல், குழந்தைகள் குரல், சாப்பாட்டு மேஜையில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவது, இதெல்லாம் அவருக்கு வெறும் வாயசைப்பு. நான் இடது காதுக்குப் பக்கத்தில் அடித்தொண்டையில் சொன்னால் மட்டும் பிடித்துக்கொள்வார். காதில் மாட்டும் கருவியை வாங்கிய வாரமே கழற்றி வைத்துவிட்டார். "தகர டப்பாவுக்குள்ள கோழி கத்துற மாதிரி இருக்கு" என்றார். அதற்குப் பதிலாக ஒரு வித்தை பழகிக்கொண்டார். எல்லோரும் தன் முகத்தைப் பார்த்தால் சிரித்துவிடுவார். பெரும்பாலும் அது போதுமானதாக இருந்தது.

ஒரு நவம்பரில் அது போதவில்லை. எங்கள் மகள் ஷெல்லி இண்டியோவில் இருக்கிறாள். நன்றிநாள் விருந்துக்கு வருஷாவருஷம் அங்கேதான் போவோம். அந்த வருஷம் மேஜையில் அவள் கணவன் கர்ட் தன் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு டெல்மரைப் பார்த்தான். டெல்மர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். விஷயம் என்னவென்று வீடு திரும்பும் வழியில்தான் நான் சொன்னேன். அதன்பிறகு ஒரு வருஷம் அவர் ஷெல்லியின் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கர்ட்டிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

மறுவருஷம் நவம்பர் வந்தது. ஷெல்லி வீட்டுக்குப் போகலாம் என்று நான் கூப்பிட்டேன்.

"டெத் வேலியப் பாக்கணும்னா வரேன். பாதி வழி, கெல்சோ வரைக்கும் வரேன். அங்கேருந்து வண்டியத் திருப்பிடணும்."

"அப்ப நான் சுட்டு வெச்சிருக்கிற பெக்கான் பை பலகாரத்த என்ன செய்யுறது?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

நான்தான் ஓட்டினேன். இடப்பக்கம் உட்கார்ந்து நான் ஓட்டினால்தான் அவருடைய இடது காது என் பக்கம் இருக்கும். எங்கள் ஊரான ரிட்ஜ்கிரெஸ்ட்டில் கிளம்பி, மலையிறங்கி, டெத் வேலிப் பள்ளத்தாக்கின் உப்புவெளியில் நடந்தோம். வெள்ளைத் தரை தொடுவானம் வரைக்கும் போனது. நாங்கள் இரண்டு பேரும் அதன்மேல் ஒட்டிய இரண்டு எறும்புகள். டெல்மர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சர்ச்சுக்குள் போனால்கூட அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. அன்று இரவு ஷோஷோனியில் தங்கினோம். காலையில் மொஹாவி காப்பகத்துக்குள் நுழைந்தோம். கெல்சோவின் பழைய ரயில் நிலையம் வந்ததும் டெல்மர் என் முழங்கையைத் தட்டினார்.

"வந்தாச்சு. திருப்பு."

"இவ்வளவு தூரம் வந்துட்டு இங்க இருக்கிற பெரிய மணல்மேட்டப் பாக்காமப் போறதா?"

"ஆயுசு பூரா அதத்தான பாத்தேன்."

"எஞ்சின் ஜன்னல் வழியா பாத்தே. கால் வெச்சியா?"

அவர் குனிந்து காலணி நாடாவை இறுக்கிக் கட்டினார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மேடு தூரத்தில் பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். ஏறினால் தெரியும் சங்கதி. ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். நடுவழியில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன டீச்சரம்மா, மூச்சு வாங்குதா? ஐடியா யாரோடது?"

"போடா கிழவா. நீ மேல போய்ச் சேர்ந்தா நான் என் தொப்பியத் தின்னுறேன்."

இதை அவர் இடது காதில் அடித்தொண்டையால் கத்தினேன். கேட்டுவிட்டது. மனுஷன் நாலு காலில் ஏறி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். என் தொப்பியைக் காட்டி வாயில் போட்டு மெல்லுவதுபோல் சாடை செய்தார். வேறு வழியில்லாமல் நானும் ஏறினேன். உச்சியிலிருந்து பார்த்தால் தண்டவாளம் ஒரு பென்சில் கோடு. அதன்மேல் ஒரு சரக்கு ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இறங்கும்போது அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. "நடக்க முடியாது" என்று செங்குத்தான பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பையன் மாதிரி பின்பக்கத்தால் சறுக்கினார்.

மேடு முழங்கியது.

எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. முதலில் விமானம் என்று நினைத்தேன். வானம் காலியாக இருந்தது. காலடியிலிருந்து, முதுகெலும்பு வழியாக, பல்வரைக்கும் ஏறிய ஒரு கனத்த ஒலி. டெல்மர் இரண்டு குதிகாலையும் ஊன்றி நின்றார். கொஞ்ச நேரத்தில் சத்தமும் நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி சறுக்கினார். மறுபடி முழங்கியது.

"எந்த எஞ்சின் அது?" என்று கத்தினார்.

நான் கைவிரித்து, இல்லையென்று தலையாட்டினேன். மணலைக் காட்டினேன்.

அவர் மணலில் கவிழ்ந்து படுத்து இடது காதை அதில் அழுத்திக்கொண்டார். "சறுக்கு! நீ சறுக்கு!" என்றார். அறுபத்தெட்டு வயதில், பாண்ட்டுக்குள் மணல் கொட்ட, நான் சறுக்கினேன். என் கீழே மணல் நகர நகர அந்த மேடு முழுவதும் பாடியது. டெல்மர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "நிறுத்தாத. எஞ்சின்காரன் பாரம் ஏத்திக்கிட்டு சீமா ஏத்தத்துல ஏறுறான் பாரு. இழுக்குறான். இழுக்குறான்" என்று முணுமுணுத்தார்.

நான் அவர் பக்கத்தில் போய் விழுந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கும் கேட்டுதா?"

"கேட்டுது."

"நான் சும்மா நெனச்சுக்கலையே? எனக்குக் கேட்டதேதான் உனக்கும் கேட்டுதா?"

"அதேதான், டெல்."

அவர் வானத்தைப் பார்த்து மல்லாந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே சத்தத்தைக் கேட்டிருந்தோம். இத்தனை காலம் எஞ்சின் இரைச்சலுக்குள் உட்கார்ந்துகொண்டு அவர் கடந்துபோன மேடு அது. அன்றைக்கு அவருக்கு மிச்சமிருந்த ஓரங்குலச் செவிக்குள் அது முழுதாக வந்து இறங்கியது. காற்று, தூரத்து மலைகள், எங்கள் தடங்கள். வேறு ஒன்றுமில்லை.

காரில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன். "வீட்டுக்கா?"

அவர் காலணியைத் தட்டி மணலை வெளியே கொட்டினார். ரொம்ப நேரம் கொட்டினார்.

"தெற்க விடு. ஷெல்லி வழக்கம்போல வான்கோழிய வறண்டுபோக வேகவெச்சுத்தான் போடப்போறா. சகிச்சுக்குவோம்."

ஜோஷுவா ட்ரீ பூங்காவுக்குள் போகும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. பாறைகளெல்லாம் உள்ளே விளக்கேற்றியதுபோல் சிவந்து நின்றன. வாசலில் ஷெல்லி, "அப்பா!" என்று கட்டிக்கொண்டாள். கர்ட் கையைக் கொடுத்தான். இரண்டு பேரும் குலுக்கிவிட்டு உடனே விட்டுவிட்டார்கள்.

மறுநாள் விருந்து. குழம்புப் பாத்திரம் சுற்றி வந்தது. கர்ட் ஏதோ சொன்னான், கால்பந்து ஆட்டம் பற்றி. எல்லோரும் சிரித்தார்கள். வழக்கம்போல எல்லோருடைய கண்ணும் டெல்மர்மேல் வந்து நின்றது. அவருடைய உதடு அந்தப் பழைய சிரிப்புக்கு விரியத் தொடங்கியதைப் பார்த்தேன். என் கை முட்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கர்ட், நீ இப்ப சொன்னது எனக்குக் கேக்கலை."

"பரவால்ல மாமா, சும்மா ஆட்டத்தப் பத்தி..."

"போன வருஷம் சொன்னதும் கேக்கலை. கேட்ட மாதிரி சிரிச்சேன். உங்கம்மாவப் பத்தி என்ன சொன்னே? எனக்குச் சொல்லு."

கர்ட்டின் காது மடல் சிவந்தது. ஷெல்லி அவன் தோளைத் தொடப் போனாள், பிறகு கையை மடக்கிக்கொண்டாள். கர்ட் எழுந்தான். நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தான். எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றவனை டெல்மர் சட்டையைப் பிடித்துத் தன் இடப்பக்கம் இழுத்து உட்காரவைத்தார்.

"அடித்தொண்டையில பேசு. அவசரமில்ல."

கர்ட் அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து பேசத் தொடங்கினான். அவனுடைய கனத்த குரல் மேஜைப் பலகை வழியாக எங்கள் முழங்கைகளில் லேசாக அதிர்ந்தது, ஆனால் ஒரு வார்த்தையும் எங்களுக்குப் புரியவில்லை. டெல்மர் இரண்டு தடவை தலையசைத்தார். ஒரு தடவை, "அப்புறம்?" என்றார். நாங்கள் தட்டுகளைத் தொடாமல் காத்திருந்தோம். போன வருஷம் சொன்னதைத்தான் கர்ட் சொன்னானா, அதற்கு மேலும் சொன்னானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. டெல்மர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.