மணமகளின் பெரியப்பா

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். இடுப்பில் துப்பாக்கி.

நான் என்ன செய்தேன்? பைக் பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது. போன வாரம் இந்தப் பக்கத்தில் யாரைப் பற்றியாவது எதையாவது எழுதித் தொலைத்தேனா…?

"அருள் சார் இல்லு இதேனா?" என்றார் தெலுங்கில். அருள் சார் வீடு இதுதானா என்று கேட்கிறார். இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன் — கதவில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

அவர் என்னைக் கைது செய்யவில்லை. ஒரு வெல்வெட் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் எம்எல்ஏ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை! வந்தவர் எம்எல்ஏவின் கன்மேன், பாதுகாப்புப் போலீஸ்.

பெட்டிக்குள் நாலு அறை. முந்திரி, பாதாம், திராட்சை, பிஸ்தா. என் மூத்த மகன் கல்யாணத்துக்கு நான் அடித்தது ஒற்றை அட்டை. வெயிலில் வளைந்துபோனது. என் மனைவி ஸ்டெல்லா முந்திரியை வாயில் போட்டுக்கொண்டே, "உங்களுக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள்.

ஏன் போகாது?

எம்எல்ஏவை நர்சிங் என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் அதுவல்ல. தொகுதியைச் சொல்லமாட்டேன். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் நானும் அவனும் ஒரே பெஞ்ச். நான் எட்டாவதோடு நின்றேன். அவன் பத்தாவது வரை போய் ஃபெயிலானான். தெலுங்குக்காரன், ஆனால் எங்கள் நடுவில் வளர்ந்ததால் என் பிள்ளைகளைவிட நன்றாகத் தமிழ் பேசுவான். படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு தடவை கார்ப்பரேட்டர், அதாவது மாநகராட்சிக் கவுன்சிலர். இப்போது எம்எல்ஏ. சும்மா வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். எந்தத் தெருவில் எந்த மூடிக்குக் கீழே தண்ணீர் வால்வு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். யார் வீட்டில் சாவு என்றாலும், சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்னால் அவன் அனுப்பிய ஃப்ரீசர் பாக்ஸ் வந்துவிடும். காரின் பானட்மேல் லெட்டர்பேடை வைத்து, படிக்காமலே கையெழுத்துப் போடுவான். நான் கேஸ் ரசீதையே முன்னும் பின்னும் படித்துவிட்டுத்தான் வாங்குவேன்.

ஆனால் என் வயிற்றெரிச்சல் அதனால் அல்ல. அந்த கார்ப்பரேட்டர் சீட் முதலில் எனக்கு வந்தது!

பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். நான் அப்போது காலனி சங்கத்துச் செயலாளர். தெருவிளக்குக்காக நடையாய் நடந்து வாங்கிவந்தவன் என்பதால் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். டீ குடித்தார்கள். ஒரு தாளை நீட்டினார்கள். அதில் ஒரு கேள்வி — பிள்ளைகள் எத்தனை?

எனக்கு மூன்று. இரண்டு பையன்கள், கடைக்குட்டி ஜெனி. அப்போது மூன்று வயது. இரண்டுக்கு மேல் பிள்ளை பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்று விதி. எம்எல்ஏ ஆவதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. என் தெருச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று முடிவு செய்ய இரண்டு பிள்ளைதான் இருக்கலாம், சட்டசபையில் உட்கார்ந்து சட்டமே போட எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். யார் யோசித்தது இதை? பத்துப் பிள்ளை பெற்ற யாரோதான்.

அன்று சாயங்காலம் நர்சிங் வந்தான்.

"அரே அருளு, இதுக்கா உட்காந்து யோசிக்கிறே? ஜெனியை உன் தங்கச்சி ரேஷன் கார்டுல ஏத்திடு. ஒரு பேப்பர்தானே! புள்ள உன் வீட்லதான் இருக்கப்போவுது."

"பொய் சொன்னா ஜெயில்ல போட்டுருவான்டா."

"கைக்கு? எதுக்குப் போடறான்? எல்லாரும் பண்றாங்க."

நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாவது நாள் "நக்கோ" என்று சொல்லிவிட்டேன். வேண்டாம், முடியாது. நேர்மை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பயம்.

அடுத்த வாரம் அந்தச் சீட்டில் நர்சிங் நின்றான். அவனுக்கும் மூன்று பிள்ளைகள்! கடைசிப் பெண் சிரீஷா, அப்போது ஐந்து வயது, காகிதத்தில் அவன் தம்பி மகள் ஆகிவிட்டாள். அவன் புதிதாக வீடு மாறியிருந்த சமயம். மாடியில் தம்பி, கீழே அண்ணன். எந்தக் குழந்தை யாருடையது என்று அக்கம்பக்கத்தில் யாருக்குத் தெரியும்? அந்தக் குழந்தைக்கு ஒன்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டுக்கு உள்ளே 'நான்னா' — அப்பா. கேட்டுக்கு வெளியே 'பெதநான்னா' — பெரியப்பா. ஒருநாளும் அவள் மாற்றிச் சொன்னதில்லை.

எனக்கு எல்லாம் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. அதுவும் பயம்தான்.

அவன் எம்எல்ஏ ஆன அன்று ஊர்வலம் எங்கள் தெரு வழியாகப் போனது. ஜீப்பில் மாலையோடு நின்றான். பால்கனியில் என் பக்கத்தில் ஜெனி. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன்.

"நீ பொறக்கலைன்னா அந்த ஜீப்ல நான் நின்னிருப்பேன்."

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஸோ? ஷால் ஐ ஸே சாரி, டாடி?" என்றாள்.

இன்றைக்கும் காதில் கேட்கிறது. ஆனாலும் பொறாமை போகவில்லை. பாருங்கள், மனுஷன் எவ்வளவு கேவலமானவன்!

பத்திரிகைக்கு வருகிறேன். மணமகள் சிரீஷா. பெற்றோர் என்று தம்பியும் தம்பி மனைவியும். எம்எல்ஏ பெயர் கீழே, வரவேற்பவர்கள் வரிசையில்.

"பெத்தவன் பேரைப் போடலையே, பாவம்," என்றாள் ஸ்டெல்லா.

"எப்படிப் போடுவான்? போட்டா அன்னிக்குக் குடுத்த பிரமாணப் பத்திரம் பொய்னு ஆயிடும். எதிர்க்கட்சிக்காரன் விடுவானா?"

சொல்லும்போது எனக்கு மனசு குளிர்ந்தது. மறைக்கவில்லை. அவன் அந்த மேடையில் என்ன செய்வான் என்று பார்க்கத்தான் நான் கல்யாணத்துக்குப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, கூட ஜெனி.

காலை முகூர்த்தம். அல்வால் பக்கம் பெரிய மண்டபம். முதல் வரிசை சோபாவில் நர்சிங், இரண்டு பக்கமும் கட்சிக்காரர்கள். மூன்றாவது வரிசையில் நாங்கள். சிரீஷா மேடையிலிருந்து இறங்கி வந்து அவன் காலைத் தொட்டாள். "பெதநான்னா" என்றாள், மைக் இல்லாமலே கேட்டது. அவன் மற்ற விருந்தாளிகள் மாதிரி தலையில் அட்சதை தூவினான். ஒரு அரிசிகூட அதிகமாக விழவில்லை. அடேயப்பா, என்ன ஆள்! அதிலும் எனக்குப் பொறாமை.

தெலுங்குக் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் காலைத் தட்டில் வைத்துக் கழுவவேண்டும். புரோகிதர் மைக்கில் கூப்பிட்டார். "அம்மாயி நான்னகாரு ரண்டி!" பெண்ணின் அப்பா வாங்க.

நர்சிங் எழுந்துவிட்டான்.

யோசித்து எழவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்போமே, அப்படி. துண்டைக்கூடத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டப் போனான்.

ஆனால் இந்த ஊரில் எம்எல்ஏ எழுந்தால், எம்எல்ஏ கிளம்புகிறார் என்று அர்த்தம். கன்மேன் பாய்ந்து வழி விலக்கினான். "சார் கிளம்பறார், சார் கிளம்பறார்" என்று பாதி மண்டபம் எழுந்து நின்றது. டிரைவருக்குப் போன் பறந்தது. செல்ஃபிக்கு நாலு பேர் தோளில் கை போட்டார்கள். அவன் மேடையைப் பார்த்தான். அங்கே தம்பி வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தாமதித்த அந்த ஒரு நொடியில் பத்துப் பேர் அவனைப் பார்த்தார்கள். ஏன் நிற்கிறார்?

கும்பிட்டான். சிரித்தான். நடந்து வெளியே போய்விட்டான். முகூர்த்தத்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

நான் பார்க்க வந்தது இதைத்தானே? பார்த்தாயிற்று. வாயெல்லாம் கசந்தது.

என் போன் அதிர்ந்தது. அவன்தான்.

"அருளு, உள்ளதானே இருக்கே?"

"இருக்கேன். திரும்பி வாடா." அவன் கார்ப்பரேட்டர் ஆன நாளிலிருந்து நான் 'டா' போட்டதில்லை.

"நக்கோ. இந்த மூஞ்சியோட வர முடியாது. வண்டில இருக்கறவனுங்களுக்குத் தமிழ் தெரியாது, அதான் உனக்கு அடிச்சேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "கட் பண்ணாம வச்சிரு. மேளம் வரும்ல… அதக் கேட்டுக்கறேன்."

மேடைக்குப் பக்கத்தில் போய் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். மாப்பிள்ளை தலையில் பெண்ணும், பெண் தலையில் மாப்பிள்ளையும் சீரகமும் வெல்லமும் வைக்கும் நேரம்தான் அவர்களுக்கு முகூர்த்தம். புரோகிதர் கையைக் காட்டினார். கெட்டிமேளம் இடித்தது. கை மரத்துப்போனது. இறக்கவில்லை.

"டாடி, கேமரா ஆனே காலேது," என்றாள் ஜெனி. கேமரா ஆன் ஆகவே இல்லையாம்.

"தெரியும்மா."

"அப்போ எவரு லைன்லோ?"

லைனில் யார் என்று கேட்கிறாள். சுற்றிப் பார்த்தேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஆனாலும் அவள் காதோரம் குனிந்துதான் சொன்னேன்: "பொண்ணோட அப்பா."

அவள் மேடையைப் பார்த்தாள். அங்கே உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல், தூக்கியிருந்த என் முழங்கைக்குக் கீழே தன் கையை முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

பொறாமைப்பட எனக்கு இனி வேறு ஆள் வேண்டும் — உங்கள் பக்கம் நிம்மதியான எம்எல்ஏ யாராவது இருந்தால் சொல்லுங்கள்!