முதலாளி கேட்ட ஒலிப்பதிவு

சமூகவியல் இரண்டாம் வருடத்தில், நேர்காணல் பயிற்சிக்காக பிலிமத்தலாவையில் ஒரு புடவைக்கடைக்குப் போனேன். வகுப்பில் சொன்னபடி முதலாளியிடம் அனுமதி வாங்கிவிட்டு, அங்கே வேலை செய்யும் செல்வி அக்காவின் பேச்சை போனில் பதிவு செய்தேன்.

“நாள் முழுக்க நிக்கிறோம் தங்கச்சி. உட்கார ஒரு கதிரை போட மாட்டாங்க,” என்றார் அக்கா.

முடித்ததும் முதலாளி வந்து நின்றார். “நான்தானே அனுமதி குடுத்தேன்? போடுங்க, கேப்போம்.”

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. அவர் சம்பளத்தில்தான் குடும்பமே ஓடுகிறது. போனில் தேடுவதுபோல் பதிவை அழித்தேன். “பதிவாகவே இல்ல,” என்றேன்.

“கெம்பஸ்ல இதுதான் படிக்கிறீங்களா?” என்று சிரித்துக்கொண்டே போனார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

யாரிடம் அனுமதி வாங்குவது என்று வகுப்பில் சொல்லித்தந்தார்கள். பேசுகிறவரின் வேலை போனால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் வேலை செய்யும் இடத்தில் யாரையும் நான் பேட்டி எடுப்பதில்லை. எங்கே பேசலாம் என்று அவர்களையே கேட்கிறேன்.

முதலில் கேட்டது செல்வி அக்காவிடம்தான். அவர் சொன்ன இடம், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பஸ். ஜன்னலோரம் எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார்.

“இப்ப கேளு தங்கச்சி. இப்பதான் உட்கார்ந்திருக்கேன்.”