சாமிக்குப் போன லைட்

கேமராமேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்குத் தெரிந்ததை அது செய்தது. கோபமெல்லாம் முதலாளிமேல், அதைவிட, எல்லாம் தெரிந்தும் வாயில் கொழுக்கட்டையோடு நின்ற மில் எலக்ட்ரீசியன்மேல். அந்த மகானுபாவன் நான்தான்.

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகிற வழியில் இருக்கிறது எங்கள் மல்லாட்டை மில். ஓடு உடைத்த வேர்க்கடலைப் பருப்பு பெல்ட்டில் ஓடிவரும். இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்குவார்கள். அவர்கள் கையைத் தாண்டி எத்தனை சொத்தை போகிறது என்று எண்ண, பெல்ட்டின் கடைசியில் முதலாளி ஒரு கேமரா வைத்தார். மாட்ட வந்த கம்பெனிக்காரர் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"அண்ணே, லைட்டு ரெண்டு பக்கமும் எரியணும். ஒரு பக்கம் மட்டும் அடிச்சா பருப்புக்குப் பக்கத்துல நிழல் விழும். கேமரா அந்த நிழலையும் சொத்தைன்னு எண்ணிடும்."

சரி என்றேன். மறுநாளே முதலாளி வந்து லைட்டை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாடா வெளிச்சம்! ஒண்ணக் கழட்டி ஆபீஸ் முருகர் படத்துக்குப் போடு."

"நிழல் விழும்னு அவரு சொன்னாருங்களே..."

"அவரு நேத்து வந்தவரு. முருகர் எப்போ வந்தவரு?"

சிரித்தேன். முதலாளி ஜோக்குக்குச் சிரிப்பதில் எனக்கு இணை இந்தத் தாலுகாவில் கிடையாது. லைட்டைக் கழற்றி முருகருக்கு மாட்டினேன். சுண்டல் கொடுத்தார்கள், தின்றேன்.

அன்றிலிருந்து எண்ணிக்கை ஏறியது. சாயங்காலம் ஆனால் முதலாளி கேமரா கணக்குக் காட்டும் திரையைப் பார்த்துவிட்டுப் பெல்ட் அருகில் வந்து கத்துவார். "மிஷின் பொய் சொல்லுமா? கத பேசிக்கினே பொறுக்குறீங்களா?" நான் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருப்பேன். துடைத்துத் துடைத்து அதில் முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது. பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

பதினோராம் நாள் கேமராவுக்குப் பக்கத்து இடத்தில் உட்காரும் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார். அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மேல் தோல் பளபளவென்று இருந்தாலும் உள்ளே கெட்டிருப்பதைத் தொட்டே சொல்லிவிடுவார்.

"உனக்குக் கண்ணு போயிடுச்சி. வெள்ளிக்கெழமையோட நின்னுக்க."

அக்கா நேராக என்னிடம் வந்தார். "எல்லாத்துக்கும் ஒரு ஜோக்கு வெச்சிருப்பியே தம்பி. ஒன் கேமராப் பொட்டி என்னைக் குருடின்னுது. இதுக்கு இன்னா வெச்சிருக்க?"

மறுபடி ஸ்குரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மூன்று தடவை கக்கூஸுக்குப் போனேன். முதலாளியிடம் பேச வேண்டிய வசனத்தை உள்ளே நின்று ஒத்திகை பார்த்தேன்; வெளியே வந்ததும் மறந்துபோனது. நாலாவது தடவை போக நினைத்தபோது என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். 'அப்பனே, தண்டனை கொடுப்பதாக இருந்தால் நான் இறங்கினதும் கொடு' என்று கேட்டுக்கொண்டு ஸ்குரூவைத் திருகினேன்.

"டேய்! சாமிக்குப் போட்டத எடுக்குறியா? வெளங்குவியாடா நீ?" முதலாளி வாசலில்.

கர்ஜிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். எலிக்குஞ்சுக் குரல்தான் வந்தது. "இது பெல்ட்டு லைட்டுங்க! கேமரா நெழல எண்ணிக்கினு இருக்குதுங்க! வந்து பாருங்க!"

அக்கா பொறுக்கி முடித்த ஒரு கூடையை ஒற்றை லைட்டில் ஓட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டாவது லைட்டை எதிர்ப்பக்கம் மாட்டி, கொட்டிய அதே பருப்பை அள்ளி மறுபடி ஓட்டினேன். மூன்று.

முதலாளி திரையையே பார்த்தார். பிறகு சொன்னார் பாருங்கள், இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல் நறநறக்கிறது.

"பாத்தியா? ரெண்டு சத்தம் போட்டதும் எவ்ளோ சுத்தமா பொறுக்கியிருக்கா."

"ரெண்டு வாட்டியும் ஒரே கூடைதான மொதலாளி," என்றார் அக்கா. "என் கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு ஒன் வாயால ஒரு வாட்டி சொல்லு."

"சரி சரி, திங்கக்கெழம வந்து சேரு." போய்விட்டார். அந்த ஒரு வாக்கியம் இன்றுவரை அந்த வாயிலிருந்து வரவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு எப்போ தெரியும்?"

ஒரு ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "மொத நாளே தெரியும்க்கா."

அவர் ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் கைவிட்டு, பார்க்காமலே ஒரு பிடி பொறுக்கி என் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பிளந்து பார்த்தேன். எட்டு. எட்டும் சொத்தை.