மூன்று கூட்டிச் சொல்லும் கப்பல்

எங்கள் வானிலை அலுவலகத்தில் அவருக்கு ஜாதகக்காரம்மா என்று பெயர். வைத்தவன் நான்தான். கடலில் போகும் சரக்குக் கப்பல்கள் காற்றழுத்தத்தை அளந்து அனுப்பும். அதை வரைபடத்தில் குறிப்பது அவர் வேலை. அதோடு விட்டாரா? கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது அது சொல்லும் அளவைத் துறைமுகக் கருவியோடு ஒப்பிட்டு, எந்தக் கப்பல் எவ்வளவு கூட்டிக் குறைத்துச் சொல்கிறது என்று ஒரு நீல நோட்டில் எழுதிவைப்பார். பத்தொன்பது வருடமாக, யாரும் கேட்காமலே. வேலையற்ற வேலை என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

அன்று காலை ஒன்பது மணி. தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு சோம்பிக் கிடந்தது. வலுவிழக்கும் என்றது கணினி. பக்கத்தில் இருந்த ஒரே கப்பல் ஆயிரத்து ஒன்று மில்லிபார் என்று அனுப்பியிருந்தது; அழுத்தம் இன்னும் இறங்கினால்தான் ஆபத்து. பயப்பட ஒன்றுமில்லை என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

"இந்தக் கப்பல் எப்பவும் மூணு கூட்டிச் சொல்லும் சார்" என்றார் அவர். "நிஜத்துல தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு. ஆறு மணி நேரம் முன்னாடி அதே இடத்துல இருந்த, சரியாச் சொல்ற கப்பல் ஆயிரத்து மூணு சொல்லுச்சு. அஞ்சு இறங்கியிருக்கு. இது புயலாகும்."

பன்னிரண்டு மணிக்கு மீன்பிடிப் படகுகள் கிளம்பிவிடும். எச்சரிக்கையில் நான் கையெழுத்துப் போட்டால்தான் நிற்கும். போன மாதம் நான் கொடுத்த எச்சரிக்கை பொய்த்து, படகுக்காரர்கள் என்னைக் கிழிகிழியென்று கிழித்திருந்தார்கள். முன்னால் நின்று கத்தியவர் இந்த அம்மாவின் சொந்த அண்ணன். அவரும் படகோட்டி.

நான் தயங்கியபடி இருக்க, பதினொரு மணிக்கு அலுவலக போன் அடித்தது. அவர் எடுத்தார். அவருடைய அண்ணி.

"அவரு கெளம்பிட்டிருக்காரு. போகலாமா?"

"அறிக்கை வரும் அண்ணி. கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

போனை வைத்துவிட்டு அவர் மறுபடி வரைபடத்தின் மேல் குனிந்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

"உங்க அண்ணனை மட்டும் போக வேண்டாம்னு சொல்லிடுங்க. அறிக்கையை அடுத்த செயற்கைக்கோள் படம் வந்ததும் பாத்துக்கலாம்" என்றேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு.

"மத்த நூத்தி இருபது படகுக்கும் யாரு சார் போன் பண்ணுவா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் நீல நோட்டை என் முன்னால் தள்ளினார். அந்தக் கப்பலுக்கென்று ஒரு முழுப் பக்கம், தேதி தேதியாக. எல்லா வரியிலும் மூன்று. பதினொன்றே காலுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

பிற்பகல் செயற்கைக்கோள் படத்தில் மேகம் சுருண்டுகொண்டது. மறுநாள் புயல், நம் படகுகள் வலை போடும் அதே இடத்தைப் புரட்டிப்போட்டுவிட்டுப் போனது. நூற்று இருபத்தொரு படகும் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. அந்த அம்மா நோட்டைத் திறந்து அடுத்த கப்பலுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் போனை நான்தான் எடுத்தேன். அண்ணன். கத்தப்போகிறார் என்று நினைத்து ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.

அவர் தங்கச்சியைத்தான் கூப்பிட்டார். "மறுபடி எப்பம்மா கெளம்பலாம்?"

"அறிக்கை வரும்ணே. கேளு."

"கேக்கறேம்மா" என்றார் அவர்.