லோயிஸின் வோட்டு

டக்ளஸ் ஜனாதிபதி தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போவதாகச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தேன். குன்னூரில் டைப் அடித்துப் பிழைக்கிற எனக்கு அன்று வேறு வேடிக்கை இல்லை. அது 2002. பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போய், அவர் வேலை பார்த்த எஸ்டேட் ஃபேக்டரி பூட்டிக் கிடந்தது.

"ஜெயிக்கிறது கெடக்கட்டும் ஐயா. லோயிஸ் எனக்கு ஒரு வோட்டுப் போடணும்" என்றார்.

லோயிஸ் அவர் மனைவி. சிலோனில் எண்பத்திரண்டில் ஜனாதிபதி தேர்தல் வந்தபோது ஊரே வரிசையில் நின்று வோட்டுப் போட்டது. பிரஜாவுரிமை இல்லாத இவர்கள் இருவரும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் நின்று பார்த்தார்களாம். மறு வருஷம் கப்பலேறி இங்கே வந்தும் வோட்டர் லிஸ்டில் சேர லோயிஸுக்கு ஒவ்வொரு தடவையும் ஏதாவதொரு காகிதம் குறைந்தது. இப்போதுதான் வோட்டர் கார்டு வந்திருந்தது. அதற்குள் நெஞ்சு நோய் வந்து படுத்துவிட்டாள்.

முன்மொழிய ஐம்பது பேர், வழிமொழிய ஐம்பது பேர் வேண்டும் என்று பேப்பரில் படித்துவிட்டு, டக்ளஸ் லயம் லயமாக ஏறி இறங்கி நூறு பேரிடம் கையெழுத்து வாங்கி வந்தார். பாதி கைநாட்டு. எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்காமல் நூறு பெயரையும் டைப் அடித்துக் கொடுத்தேன். அந்தப் பாவம் என்னுடையது.

ஊட்டி கலெக்டர் ஆபீஸில் கிளார்க் மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஏனுங்க, இதுக்கு எம்.பி., எம்.எல்.ஏ.ங்க மட்டுந்தான் வோட்டுப் போடுவாங்க. கையெழுத்தும் அவங்கதான் போடோணும்."

"அப்ப லோயிஸுக்கு?" என்றார் டக்ளஸ்.

"எனக்கே இல்லீங்க."

பஸ்ஸில் திரும்பினோம். குன்னூரில் இறங்கியதும் டக்ளஸ், "ஐயா, ஒரு வோட்டுச் சீட்டு அடிச்சுத் தருவீங்களா?" என்றார். ஒரே பெயர் இருந்தால் அவள் நம்பமாட்டாள் என்று, அவர் பெயருக்குக் கீழே ஆறுமுகசாமி என்று என் பெயரையும் அடித்தேன்.

சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் லோயிஸ் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். எங்களைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுக் குத்தினாள். நாலாக மடித்தாள்.

"யாருக்குப் போட்டே?" என்றார் டக்ளஸ்.

"அதச் சொல்லக்கூடாதாமே" என்று சிரித்தாள்.

அதன்பிறகு தினமும் "எண்ணியாச்சா?" என்று கேட்டாள். "இன்னும் இல்ல" என்பார் டக்ளஸ். ஒன்பதாம் நாள் கேட்கவில்லை.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் டக்ளஸ் சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார்.

"பிரிச்சுப் பாருங்க டக்ளஸ்" என்றேன்.

"வேணாம் ஐயா. அவ ரகசியமாப் போட்டது."

மடித்தபடியே அதை அவள் கைக்குள் வைத்தார். காதோரம் குனிந்தார்.

"எண்ணியாச்சு லோயிஸ். ஜெயிச்சுட்டேன்."