கூடை கொண்டு வந்தவர்

அன்று நான் வேலை செய்த மொண்டெல்லோ வீட்டில் வீட்டு எசமானி சின்னோரா இருந்தார். அவருடைய சின்னப் பேத்தி இருந்தாள். சமையலுக்கு நான். பின்கதவில் தோட்டக்காரர், அவரும் யாழ்ப்பாணத்து ஆள்தான்.

மெலிந்து உயர்ந்தவர். எதைத் தொட்டாலும் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். அன்று மரத்திலிருந்து அப்பிள் பிடுங்கி, கூடையோடு கொண்டு வந்து வைத்தார். பிறகு வெகுநேரம் கழுவினார்.

நான் அப்பிளை வட்டமாக வெட்டி, மாவில் தோய்த்துப் பொரித்தேன். முதல் தட்டு கூடத்துக்குப் போனது. அடுத்த தட்டை அவரிடம் நீட்டினேன்.

"அண்ணை, சூடா ஒண்டு எடுங்கோ."

"எனக்கு வேண்டாம். நீயும் தின்னாதை."

"ஏன், என்ரை சமையல் அவ்வளவு மோசமே?"

"முந்தநாள்தான் மரத்துக்குப் பூச்சிமருந்து அடிச்சனான்."

"சின்னோராட்டைச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான். தோலைச் சீவினாச் சரியாம். பிடுங்கச் சொன்னா, பிடுங்கினன்."

என்னிடம் யாரும் சீவச் சொல்லவில்லை. தோலோடுதான் வெட்டியிருந்தேன்.

அவர் முகத்தில் பயமும் இல்லை, பகையும் இல்லை. என்ன இருந்தது என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. நான் கூடத்துக்கு ஓடினேன்.

பேத்தி தின்று முடித்திருந்தது மூன்று.